வீட்டோடு ஒரு கைவேலை – 9: இருபத்தொரு முடிச்சு

போன வாரம் கடதாசிப் பூ செய்தோம். அதை எங்கே வைத்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. கண்டிப் பக்கத்து ஈரத்துக்கு நாலு மழை போதும், கடதாசி தானாகவே தலையைத் தொங்கப்போட்டுவிடும். ஆகவே இந்த வாரம் தொங்குவதற்கென்றே செய்யும் ஒரு பொருள்: சுவரில் மாட்டும் கயிற்று வேலை. ஒரு கம்பு, முப்பது மீற்றர் பருத்திக் கயிறு, தோட்டத்தில் பொறுக்கிய சில கொட்டைகள். ஊசி, பசை, தையல் மெஷின் எதுவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குபவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஐஸ்கிறீம் குச்சிகளை ஒட்டி, கம்பளி நூலைச் சுற்றி, நடுவே மினுமினுப்புப் பொட்டு வைத்த வேலைகள் பள்ளிக்கூடக் கண்காட்சியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் ஒரு பக்கம் சாயும், குச்சி வளையும், மின்விசிறி போட்டால் படபடக்கும். நிறம் சரியில்லை, வடிவம் சரியில்லை என்று நாம் தேடிக்கொண்டிருப்போம். அதற்கு எடையே இல்லை என்பதுதான் விஷயம். தொங்கும் பொருளுக்கு அழகு எடையிலிருந்துதான் வருகிறது. கீழே ஒன்று இழுத்தால்தான் மேலே உள்ள கோடு நேராகும்.

இதைப் பழைய குசினிக்காரிகள் நன்றாக அறிவார்கள். வளையில் கட்டிய உறியை வெறுமனே பார்த்தால் சுருங்கிக் கிடக்கும் கயிற்றுக் கூட்டம். தயிர்ச் சட்டியை அதில் இறக்கியதும் ஒவ்வொரு இழையும் விறைத்து, முடிச்சுகள் ஒழுங்காகி, எறும்பும் பூனையும் எட்டாத உயரத்தில் ஒரு வடிவம் நிற்கும். இன்று இணையத்திலும் கொழும்புக் கடைகளிலும் மேக்ரமே என்ற பெயரில் விற்கும் பூச்சட்டித் தொங்கலைப் பார்த்து ‘இது எங்கட உறியெல்லே’ என்று கிழவிகள் சிரித்தால் அதில் நியாயம் இருக்கிறது. அரபு நெசவாளர் துணி ஓரத்து நூல்களை முடிந்த வேலை, மாலுமிகள் கப்பலில் பொழுதுபோக்காக முடிந்த வேலை, விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் மேசை விரிப்பு, 1970களில் உலகமெங்கும் பரவிய ஆந்தைப் பொம்மை என்று அதற்கு ஒரு நீண்ட வரலாறு சொல்வார்கள். சொல்லட்டும். முடிச்சு எல்லா ஊரிலும் முடிச்சுத்தான்.

நான் இதை எழுதும் கெலிஓயா, பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவே, மகாவலியும் ரயில் பாதையும் நுவரெலியா வீதியும் அருகருகே ஓடும் சின்ன நகரம். உடுநுவரப் பகுதி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கைவேலைக்குக் குறைவில்லை. பிலிமத்தலாவையில் பித்தளை, எம்பெக்கேயில் மரச் செதுக்கல். கண்டி நகருக்கு அந்தப் பக்கம் தும்பறைப் பள்ளத்தாக்கில், சுவரில் தொங்குவதற்கென்றே இன்று நெய்யப்படும் பாய் இருக்கிறது. இந்த வார வேலைக்கு அதுதான் ஆசிரியர் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஹேனவல கிராமத்துப் பாய் என்றால் இங்கே பலருக்குத் தெரியும்.

‘ஹன’ என்று சிங்களத்தில் சொல்லும் கற்றாழை இனச் செடி. வாள் மாதிரி நீண்ட இலையைக் கீறி, மரப்பலகையில் வைத்து, அழுத்திச் சுரண்டினால் பச்சைச் சதை கழன்று வெள்ளை நார் மிஞ்சும். கழுவி, காயவைத்து, சீவி, சாயம் போட்டு, கையால் முறுக்கித் திரிப்பார்கள். சிவப்புக்குப் பதிமுகக் கட்டை. மஞ்சளுக்கு மரமஞ்சள். கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் சேரும். தறி தரையோடு தரையாக இருக்கும். யானை, மான், பறவை, பாம்பு, நட்சத்திரம் எல்லாம் கோணல்மாணல் இல்லாத நேர்கோடுகளாலேயே வரும், ஏனென்றால் அந்த நார் வளைய மறுக்கிற நார். அந்த விறைப்புத்தான் பாயைச் சுவரில் மாட்டியதும் சுருக்கமில்லாமல் பலகைபோல இறங்க வைக்கிறது. 2021இல் இந்தக் கைத்தொழில் யுனெஸ்கோவின் அருவ மரபுப் பட்டியலில் ஏறியது. செடி கிடைப்பதும், நெய்யும் குடும்பங்களும் குறைந்துகொண்டு போகும் காலத்தில் வந்த கௌரவம் அது.

இந்தப் பாயை நெய்தவர்கள் கின்னர சமூகத்தார். சாதி அடுக்கில் மிகக் கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்கள் நெய்த பாய் அரண்மனைக்குப் போகும். ஊர் அவர்களை ஒதுக்கியே வைத்திருக்கும். இதைப் பற்றி 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த ஒருவர் எங்கள் உடுநுவரக்காரர்தான் என்று நான் உரிமையோடு சொல்வேன்: றொபேர்ட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்த ஆங்கிலேயர். கடைசி ஆண்டுகளில் இங்கே எலதெத்தவில் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்ந்தார். 1679இல் தப்பிப் போனார், 1681இல் லண்டனில் அவர் புத்தகம் வந்தது. நல்ல பாய் முடையும் அந்தச் சாதி ஆண்கள் தலையில் எதையும் அணியக்கூடாது என்று அதில் குறித்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், நொக்ஸ் வயிறு வளர்த்த வழிகளில் ஒன்று தொப்பி பின்னுவது. பருத்தி நூலில் கையால் பின்னிய தொப்பி. நூலுக்கு மூன்று பென்ஸ் பெறுமதி, தொப்பி ஒன்பது பென்ஸுக்குப் போகும். நல்ல வியாபாரம். கூட இருந்த ஆங்கிலக் கைதிகளும் ஊசியை எடுத்தார்கள். ஊரெல்லாம் தொப்பியாகி விலை விழுந்தது. கைவேலை செய்து விற்கலாம் என்று வட்ஸ்அப் குழு தொடங்கும் தங்கைமார் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனித்து வாசிப்பது நல்லது.

தும்பறைப் பாயைப் பற்றி விரிவாக எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், கனிப்பொருள் அளவை வேலைக்காக இலங்கையைச் சுற்றியவர். கல்லைத் தேடிப் போனவர் கைவினைஞரைக் கண்டு நின்றார். மத்தியகால சிங்களக் கலை பற்றிய அவரது பெரிய நூல் 1908இல் இங்கிலாந்தில் கை அச்சில் 425 பிரதிகள் மட்டும் வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் அவரோடு இங்கே இருந்து படம் எடுத்தவர் அவர் மனைவி எதெல். பின்னாளில் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முதன்மையான கைத்தறி நெசவாளர்களில் ஒருவரானார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். சாயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இனி வேலை. ஹன நார் நம் கைக்குக் கிடைக்காது; கிடைத்தாலும் அந்தத் தறியும் பொறுமையும் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது மெத்தென்ற பருத்திக் கயிறு. அதற்கு விறைப்பு இல்லாததால், அந்த விறைப்பை முடிச்சாலும் எடையாலும் நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த வார வேலை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

கயிறு 4 மில்லிமீற்றர் தடிப்பு, முறுக்கிய பருத்தி. நகரத்து ஹாட்வெயார் கடையில் கேட்டேன்.

“எத்தின மீற்றர் மகள்? ஆடு கட்டவா?”

“இல்ல நானா, சுவத்தில மாட்ட.”

“சுவத்தில ஆடு கட்டுறது இப்பதான் கேள்விப்படுறேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் நைலோன் கயிற்றை எடுத்து வைத்தார். நைலோன் வேண்டாம். வழுக்கும், முடிச்சு இறுகாது, வெட்டிய நுனி பிரிந்துகொண்டே போகும். தும்புக் கயிறு தாராளமாகப் பாவிக்கலாம். அதில் லிக்னின் என்ற மரப்பசைப் பொருள் மிக அதிகம், அதனால்தான் தும்பு ஈரத்தில் சீக்கிரம் மக்காது. கைதான் எரியும். முதல் தடவை செய்பவர்கள் பருத்தியிலேயே தொடங்குங்கள். கடையிலிருந்து வந்த கயிற்றில் கஞ்சி இருந்தால் வெந்நீரில் ஊறப்போட்டு அலசி நன்றாகக் காயவையுங்கள். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்தக் கஞ்சியைத்தான்.

கம்பு 40 சென்ரிமீற்றர். காய்ந்த கொய்யாக் கம்பு என் விருப்பம்: கனம், வழவழப்பு, லேசான வளைவு. கோப்பிக் கம்பும் நல்லது. பச்சைக் கம்பை வெட்டி உடனே பாவிக்காதீர்கள். காயும்போது சுருங்கி, கட்டிய முடிச்செல்லாம் தளர்ந்து ஒரு பக்கம் ஓடிவிடும்.

கயிற்றை இரண்டரை மீற்றர் நீளத்தில் பன்னிரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பைக் கம்புக்குப் பின்னால் விட்டு, முன்னால் வரும் வளையத்துக்குள் இரண்டு நுனிகளையும் நுழைத்து இழுத்தால் கயிறு கம்பைப் பிடித்துக்கொள்ளும். இப்போது இருபத்து நான்கு இழைகள் தொங்கும். கம்பைக் கதவுக் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ கண் மட்டத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். மேசையில் படுக்க வைத்துச் செய்யாதீர்கள், கயிறு தொங்கினால்தான் இறுக்கம் கைக்குத் தெரியும்.

முடிச்சு ஒன்றே ஒன்றுதான், சதுர முடிச்சு. நான்கு இழையைப் பிரித்தெடுங்கள். நடுவில் உள்ள இரண்டும் சும்மா நிற்கும். வேலை செய்வது ஓரத்து இரண்டும். இடது இழையை வலப்பக்கமாக நடு இழைகளுக்கு மேலே போடுங்கள், இடப்பக்கம் ஒரு வளையம் தெரியும். வலது இழை அந்த இடது இழைக்கு மேலால் இறங்கி, நடு இழைகளுக்குப் பின்னால் போய், இடப்பக்க வளையத்துக்குள்ளால் வெளியே வரட்டும். இழுங்கள். இது பாதி. மறுபாதிக்கு இதையே கண்ணாடியில் பார்த்தபடி: இப்போது வலது இழை மேலே, இடது இழை பின்னால். இழுத்தால் முடிச்சு தட்டையாக, சதுரமாக உட்காரும். மறந்துபோய் இரண்டு தடவையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கினால் முடிச்சு முறுகும். அப்படியே தொடர்ந்தால் சுருள் படிக்கட்டு மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும். அதுவும் அழகுதான், ஆனால் இந்த வாரத்துக்கு அது வேண்டாம். எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கும் செதுக்கலைப் பார்த்திருப்பீர்கள். இடம் போனது வலமும் போகிறது, ஒன்றை ஒன்று விடுவதில்லை. சதுர முடிச்சும் அந்த ஒழுங்கில்தான் நிற்கிறது.

முதல் வரிசையில் நான்கு நான்காக எடுத்து ஆறு முடிச்சு. இரண்டாம் வரிசைக்கு ஒரு சாண் இறங்க வேண்டாம், நாலு விரல் இறங்கினால் போதும். இப்போது இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு இழையை விட்டுவிடுங்கள். மேல் முடிச்சிலிருந்து இரண்டு, பக்கத்து முடிச்சிலிருந்து இரண்டு என்று சேர்த்தால் ஐந்து முடிச்சு வரும். முதல் கண் அங்கேதான் திறக்கும்; வலை என்றாலும் உறி என்றாலும் கண் திறக்கும் விதம் இதுதான். அடுத்த வரிசை நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டிப் பார்த்தால் இருபத்தொன்று. தலைகீழ் முக்கோணம் கிடைத்துவிட்டது.

அழகு இரண்டு இடத்தில் கெடும். ஒன்று, ஒரே வரிசையின் முடிச்சுகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் போவது. ஒரு மட்டைத் துண்டை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, வரிசைக்கு வரிசை இடையில் வைத்துக் கட்டுங்கள். கண் அளவை நம்ப வேண்டாம். மற்றது இறுக்கம். கோபத்தில் இருந்தபோது கட்டியது இறுகும், டீவி பார்த்துக்கொண்டு கட்டியது தளரும். எதுவானாலும் முழு வேலையும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இனி எடை. கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இதற்குப் பஞ்சமில்லை. சாதிக்காயின் கடினமான மேலோடு, காய்ந்த கொட்டைப்பாக்கு, சிரட்டைத் துண்டு. சிரட்டையை மண்கடதாசியால் தேய்த்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசினால் கறுப்புக் கல் மாதிரி மின்னும். சிறிய துளைக் கருவியால் ஓட்டை போட்டு, கீழே இறங்கும் இழைகளில் நடுவே கனமானதும் ஓரத்துக்குப் போகப் போக இலேசானதுமாகக் கோத்து, அடியில் ஒரு சாதாரண முடிச்சு. எல்லா இழையிலும் கோக்காதீர்கள், ஏழெட்டு இழை போதும். மஞ்சாடி விதையும் பாவிக்கலாம். குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க எவ்வளவு வடிவோ அவ்வளவு நஞ்சு. ஓட்டை போட்ட குன்றிமணியைக் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து.

வெள்ளைக் கயிறு பிடிக்காதவர்களுக்குச் சாயம் குசினியிலேயே இருக்கிறது. தேயிலை. நாம் உலகத்துக்கு விற்பதில் ஒரு கைப்பிடியைக் கயிற்றுக்குக் கொடுப்போம். வெட்டுவதற்கு முன்பே போடுங்கள். கயிற்றை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காது. இரண்டு லீற்றர் கொதிநீரில் டஸ்ட் தேயிலை ஒரு கைப்பிடி போட்டு, வடித்து, ஒரு கரண்டி படிகாரம் கரைத்து, கயிற்றை ஓர் இரவு ஊறவிட்டால் இளம் பழுப்பு. அதற்குள் துருப்பிடித்த ஆணிகள் நாலைந்தைப் போட்டால் சாம்பல் கலந்த கறுப்பு. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. பழைய காலத்து எழுத்து மையும் இந்த வழியில்தான் கறுத்தது. ஆனால் இரும்புக் கறுப்பு காலப்போக்கில் பருத்தியை அரிக்கும், பாதிக் கயிற்றுக்கு மேல் போடாதீர்கள். மஞ்சள்தூளைச் சிலர் சொல்வார்கள். வெயில் படாத சுவர் என்றால் சரி. வெயிலில் அது சீக்கிரமே வெளிறிப்போகும்.

அடி இழைகளை உடனே வெட்ட வேண்டாம். கொட்டைகளைக் கோத்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். பருத்தி எடைக்கு இறங்கிக்கொடுக்கும், இழைக்கு இழை வேறுபடும். காலையில் கையால் நீவிவிட்டு, பிறகு கத்தரிக்கோல். முந்தின நாளே நேராக வெட்டியவர்களுக்கு மறுநாள் கோணல்தான் கிடைக்கும்.

மாட்டும் கயிற்றிலும் ஒரு கணக்கு உண்டு. கம்பின் இரு நுனிகளிலும் கட்டி நடுவில் ஆணியில் மாட்டுவோம் அல்லவா, அந்தக் கயிறு தாராளமாக, கூரான கூரைபோல நிற்கட்டும். வடிவாக இருக்கும் என்று கயிற்றைக் குட்டையாக்கித் தட்டையாக இழுத்தால் இழுவிசை பல மடங்காகும். கயிறு கம்போடு 30 பாகையில் சாய்ந்து நின்றால், இரண்டு பக்கக் கயிறும் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்குகிறது. அதற்கும் கீழே தட்டையாக்கினால் எடையைவிட அதிகம். மெல்லிய கம்பு நடுவில் வில்லாக வளைவது அதனால்தான். 45 பாகைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சுவர். ஒக்டோபர், நவம்பர் மழையில் கெலிஓயா வீடுகளின் வெளிச்சுவர் உட்பக்கமும் குளிர்ந்து வேர்க்கும். அதில் கயிற்று வேலை ஒட்டிக் கிடந்தால் பின்பக்கம் கறுப்புப் புள்ளி விழுவது நிச்சயம். வீட்டுக்கு உள்ளே இரண்டு அறைகளைப் பிரிக்கும் சுவரில் மாட்டுங்கள். கம்பின் பின்னால் இரண்டு நுனியிலும் போத்தல் கோர்க்குத் துண்டொன்றை வைத்துக் கட்டினால் ஒரு விரல் இடைவெளி கிடைக்கும், காற்று போகும். தை, மாசி வெயிலில் ஒரு தடவை கழற்றி, வெளியில் உதறி, நிழலில் காயப்போடுங்கள். தண்ணீரில் நனைக்கத் தேவையில்லை. புள்ளி விழுந்திருந்தால் வினாகிரியில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து உடனே காற்றில் விடுங்கள். தேயிலைச் சாயம் போட்ட இடத்தில் முதலில் ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் மாட்டலாம் என்ற பேச்சு வீட்டில் வரும். கண்ணாடிச் சட்டகம் போட்ட குடும்பப் படங்களுக்கு நடுவில் நெருக்கி வைத்தால் இது காணாமல் போய்விடும். சுற்றிலும் வெறுஞ்சுவர் விட்டால், மாலையில் பக்கவாட்டில் வரும் வெளிச்சத்துக்கு ஒவ்வொரு முடிச்சும் தன் நிழலைப் போடும். சாமியறை, தொழுகை அறைப் பக்கம் என்றால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்த வாரம் இதே கம்பு, கயிற்றுக்குப் பதிலாகக் கிழித்த துணி நெசவு. ஒரு பழைய சாரம் எடுத்து வையுங்கள். பருத்தியாக இருக்க வேண்டும், பொலியெஸ்டர் கலந்தது வேண்டாம். சாரத்துக்குச் சொந்தக்காரரிடம் கிழிப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.